பேசின் பிரிட்ஜில் நின்றுபோன நெட்புக்

வெளியூரிலிருந்து ரயிலில் வருகிறவர்களுக்குப் பேசின் பிரிட்ஜ் என்றால் ஒரே ஒரு ஞாபகம்தான் இருக்கும். சென்ட்ரல் வந்தாச்சு என்று பெட்டிகளை இறக்கி, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, கதவருகே வந்து நின்ற பிறகு வண்டி இங்கே நின்றுவிடும். சிக்னல் கிடைக்காது. கண்ணுக்கு எதிரே ஊர் தெரியும், போய்ச்சேர முடியாது.

எங்கள் வீட்டுப் பரணில் இருந்த நெட்புக்கும் அப்படித்தான் ஆகிவிட்டது. பட்டனை அழுத்தினால் விளக்கு எரியும், படம் வரும், அம்புக்குறி வரும். அதற்குமேல் நகராது.

2009-ல் என் மருமகன் வாங்கிக் கொடுத்தது அது. பத்து அங்குலத் திரை, இன்டெல் ஆட்டம் என்270 பிராசஸர், ஒரு ஜிபி ரேம், 160 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் எக்ஸ்பி. ரயில்வேயில் ஓய்வு பெற்ற பிறகு இந்த நினைவுக் குறிப்புகளை எழுதத் தொடங்கியதே அதில்தான். பிறகு மெல்ல மெல்ல மந்தமாகி, பரணுக்குப் போய்விட்டது.

2025 செப்டம்பரில் அதைக் கீழே இறக்க வேண்டி வந்தது. எதிர் வீட்டுப் பெண் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அப்பா ஹார்பரில் டிரெய்லர் ஓட்டுகிறார். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. "தாத்தா, உங்ககிட்ட ஒரு குட்டி லேப்டாப் இருந்துச்சே, அது இருக்குதா? புராஜெக்ட் டைப் பண்ணணும்" என்று கேட்டாள். துடைத்து, மின் இணைப்பைக் கொடுத்து உட்காரவைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இன்னா தாத்தா, இது எழுந்திருக்கவே அஞ்சு நிமிஷம் ஆவுது" என்றாள்.

அங்கே தொடங்கியதுதான் இந்த ஆராய்ச்சி. மந்தமான இந்தச் சின்ன மெஷினுக்கு எந்த ஆபரேட்டிங் சிஸ்டம் பொருந்தும் என்று தேடப்போய், இருபது வருஷக் கதை ஒன்று கைக்கு வந்தது. அதில் நம் சென்னைக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

முதலில் என் அப்பா சொன்னதைச் சொல்லிவிடுகிறேன். அவர் பேசின் பிரிட்ஜ் லோகோ ஷெட்டில் ஃபயர்மேனாக இருந்தவர். நீராவி இன்ஜின் காலம். ஒரு வண்டி தாமதமாக வந்தால் பயணிகள் இன்ஜினைத் திட்டுவார்கள். அப்பாவுக்குக் கோபம் வரும். "இன்ஜின் நேத்து இழுத்த மாதிரிதான் இன்னிக்கும் இழுக்குது. பின்னாடி எத்தனை பெட்டி கோத்திருக்கான்னு பாத்தியா?" என்பார்.

நெட்புக்கும் அதே கதைதான். ஆட்டம் பிராசஸர் 2009-ல் எத்தனை கணக்குப் போட்டதோ அத்தனை கணக்கைத்தான் இன்றும் போடுகிறது. அதன் பின்னால் கோத்த பெட்டிகள்தான் கூடிப்போயின. ஆன்டி வைரஸ் ஒரு பெட்டி. தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் நிரல்கள் நாலு பெட்டி. எல்லாவற்றையும்விடப் பெரியது பிரவுசர். 2009-ல் ஒரு செய்தித்தாளின் இணையப் பக்கம் என்றால் எழுத்தும் நாலு படங்களும்தான். இன்று அதே பக்கத்தோடு வீடியோவும் விளம்பரமும் கண்காணிப்பு நிரல்களும் வருகின்றன. ஒரு ஜிபி ரேம் நிரம்பியதும் கம்ப்யூட்டர் மிச்சத்தை ஹார்ட் டிஸ்க்கில் எழுதி எழுதி எடுக்கும். ரேமோடு ஒப்பிட்டால் ஹார்ட் டிஸ்க் மாட்டு வண்டி. அதனால்தான் விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டே இருக்கிறது, காரியம் நடப்பதில்லை.

சரி, இவ்வளவு சின்ன இன்ஜினை ஏன் செய்தார்கள்? அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஏழைகளுக்கும் ஒரு கம்ப்யூட்டர் என்ற எண்ணம் நம் நாட்டிலேயே முளைத்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் ஒரு தனியார் நிறுவனத்தினரும் சேர்ந்து உருவாக்கிய சிம்ப்யூட்டர் 2001-ல் மக்கள் பார்வைக்கு வந்தது. உள்ளங்கையில் அடங்கும் கருவி, உள்ளே லினக்ஸ். பேர் வந்த அளவுக்கு விற்பனை வரவில்லை. பிறகு 2005-ல் அமெரிக்காவின் நிக்கோலஸ் நெக்ரோபான்டே, நூறு டாலரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு லேப்டாப் என்று அறிவித்தார். 2006-ல் நம் மத்திய அரசின் கல்வித் துறை, அது வேண்டாம் என்று மறுத்துவிட்டது. பச்சையும் வெள்ளையுமாக 2007-ல் அது வெளிவந்தபோது விலை நூறு டாலரைத் தாண்டிவிட்டது. ரேம் 256 எம்பி. அதற்குள்ளும் லினக்ஸ்தான்.

அந்த லேப்டாப் உலகத்தை மாற்றவில்லை. ஆனால் சின்ன லேப்டாப்புக்கு ஆள் இருக்கிறது என்று கம்பெனிகளுக்குக் காட்டிக் கொடுத்தது. 2007 கடைசியில் தைவானின் ஏசுஸ் கம்பெனி 'ஈ பிசி' என்று ஒன்றை இறக்கியது. ஏழு அங்குலத் திரை, 512 எம்பி ரேம், நாலு ஜிபி சேமிப்பு. உள்ளே லினக்ஸ். விற்றுத் தள்ளிவிட்டார்கள். மறு ஆண்டு இன்டெல்லின் ஆட்டம் பிராசஸர் வந்ததும் எல்லாக் கம்பெனியும் நெட்புக் செய்யத் தொடங்கியது.

இங்கேதான் ஒரு வேடிக்கை. 2007 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் 'விஸ்டா' என்ற புதிய விண்டோஸை வெளியிட்டிருந்தது. அதற்கு ஒரு ஜிபி ரேமாவது இருந்தால்தான் நன்றாக இருக்கும் என்று அவர்களே சொன்னார்கள். எக்ஸ்பி விற்பனையை 2008 ஜூனோடு நிறுத்துவதாகத் திட்டம். ஆனால் நெட்புக்குகளில் விஸ்டா ஓடாது. இடத்தை லினக்ஸ் பிடித்துக்கொண்டிருந்தது. உடனே மைக்ரோசாஃப்ட், இந்த மலிவு லேப்டாப்களுக்கு மட்டும் எக்ஸ்பி ஹோம் பதிப்பை 2010 வரை தருவோம் என்று அறிவித்தது. ஓய்வு கொடுத்து அனுப்ப வேண்டிய ஊழியருக்குப் பணி நீட்டிப்பு கொடுத்த மாதிரி. என் நெட்புக்கில் 2009-லும் எக்ஸ்பி இருந்த ரகசியம் இதுதான்.

அதற்குப் பிறகு நெட்புக்குக்கென்றே 'விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர்' வந்தது. அதில் திரையின் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற முடியாது. காசுக்கேற்ற தோசை என்பார்களே, அது.

இனி நம் ஊருக்கு வருகிறேன்.

தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் 1977-ல் தொடங்கியது. 2007 வாக்கில், சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். அதன் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, அலுவலகக் கம்ப்யூட்டர்களை விண்டோஸிலிருந்து சூசே லினக்ஸுக்கு மாற்றினார்கள். உரிமக் கட்டணம் மிச்சம், வைரஸ் தொல்லை குறைவு என்பது அவர்கள் வாதம். அதே 2007 ஜனவரியில் சி-டாக் சென்னை மையம் 'பாஸ்' என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தை வெளியிட்டது. பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம். டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாக வைத்து, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளைச் சேர்த்து, நம் சென்னையில் சமைத்தது.

அதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. எக்ஸ்பியில் தமிழ் பார்க்க நாம் பட்ட பாடு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் கட்டம் கட்டமாகத் தெரியும், இல்லாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கும். விண்டோஸ் சிடியைப் போட்டு, இந்திய மொழிகளுக்கான கோப்புகளைத் தனியாக ஏற்ற வேண்டும். பாஸில் தமிழ் முதலிலேயே இருந்தது. மெனுவே தமிழில் வரும்.

2011 செப்டம்பர் 15-ம் தேதி, அண்ணா பிறந்த நாளன்று, திருவள்ளூரை அடுத்த காக்களூரில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் படித்த பிள்ளைகள் கையில் லட்சக்கணக்கான லேப்டாப்கள் போய்ச் சேர்ந்தன. என் அக்கா பேத்திக்கும் ஒன்று வந்தது. அதைத் திறந்தால், விண்டோஸா பாஸ் லினக்ஸா என்று முதலில் ஒரு கேள்வி கேட்கும். இரண்டும் உள்ளே இருந்தன. எனக்கு ஒரே சந்தோஷம். "கண்ணு, பாஸ்ல போய்ப் பாரு" என்றேன். "ஃபிரெண்ட்ஸ் எல்லாம் விண்டோஸ்தான் தாத்தா. சார்கூட அதுலதான் சொல்லித் தர்றாரு" என்றாள். ஒரு மாதத்தில் தெருமுனைக் கடையில் கொடுத்து பாஸை அழித்து, அந்த இடத்தில் சினிமாப் படங்களை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

அவளைக் குறை சொல்ல மாட்டேன். புதிய இன்ஜினைத் தண்டவாளத்தில் ஏற்றிவிட்டால் போதுமா? ஓட்டத் தெரிந்த டிரைவர் வேண்டும், பழுது பார்க்க ஷெட் வேண்டும். பாஸுக்குப் பள்ளியில் சொல்லித்தர ஆளில்லை, தெருவில் பழுது பார்க்கக் கடையில்லை. 2014 ஏப்ரல் 8-ம் தேதியோடு எக்ஸ்பிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோனபோது, தமிழக அரசு தன் துறைகளுக்கு பாஸ் லினக்ஸைப் போடச் சொல்லி அறிவுறுத்தியது. அப்போதும் எனக்கு அதே எண்ணம்தான் வந்தது. உத்தரவு போடுவது சுலபம். பழக்கம் வருவதுதான் கஷ்டம்.

இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டு நெட்புக்கோடு உட்கார்ந்தேன். முதல் வேலையாக அதிலிருந்த என் மனைவியின் போட்டோக்களையும் பழைய குறிப்புகளையும் பென் டிரைவில் எடுத்து வைத்தேன். யார் எதைச் செய்வதானாலும் இதை முதலில் செய்யுங்கள்.

பிறகு பேசின் பிரிட்ஜில் லோக்கல் ஏறி மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸில் இறங்கி, ரிச்சி தெருவுக்குப் போனேன். நடை பழைய நடை இல்லை, ஆனாலும் போய்விட்டேன். பழைய டிடிஆர்2 வகை ரேம் இரண்டு ஜிபி ஒன்று கிடைத்தது. இந்த மெஷின் அதற்குமேல் ஏற்காது. கடைப் பையன், "சார், இதுக்குச் செலவு பண்றீங்களே, பேசாம எடைக்குப் போட்டுடுங்க" என்றான். பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்தது ஆபரேட்டிங் சிஸ்டம். லினக்ஸில் ஒரு வசதி, பென் டிரைவில் போட்டு, ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலேயே ஓட்டிப் பார்க்கலாம். பெண் பார்த்துவிட்டு முடிவு சொல்வது மாதிரி.

முதலில் அக்கா பேத்தி லேப்டாப் காலத்து பாஸ் சிடியை எடுத்தேன். பாசம்தான் காரணம். நன்றாகவே எழுந்தது. ஆனால் அதிலுள்ள பிரவுசருக்கு வயதாகிவிட்டது. இன்றைய இணையதளங்கள் பேசும் பாதுகாப்பு முறை அதற்குப் புரியவில்லை. எந்தப் பக்கமும் திறக்கவில்லை. பழைய சாவி, புதிய பூட்டு.

இரண்டாவதாக லுபுன்டு. நெட்புக் காலத்தில் எல்லோரும் சிபாரிசு செய்தது. ஆனால் என்270 ஒரு 32 பிட் பிராசஸர். 2018-க்குப் பிறகு லுபுன்டு 32 பிட் மெஷின்களுக்கு வருவதில்லை. தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை: 32 பிட்டும் 64 பிட்டும் மீட்டர் கேஜ், பிராட் கேஜ் மாதிரி. பிராட் கேஜ் மெஷினில் மீட்டர் கேஜ் சரக்கு ஓடிவிடும். மீட்டர் கேஜ் மெஷினில் பிராட் கேஜ் சரக்கு ஏறவே ஏறாது. பல வகை லினக்ஸ்களுக்கும் அடிப்படையான டெபியன்கூட, 2025 ஆகஸ்டில் வெளியிட்ட 13-ம் பதிப்போடு இத்தகைய மெஷின்களில் நிறுவும் வசதியை நிறுத்திவிட்டது.

மூன்றாவது பப்பி லினக்ஸ். ஆஸ்திரேலியாவின் பாரி காலர் 2003-ல் தொடங்கியது. மொத்தமும் ரேமில் ஏறி உட்கார்ந்துவிடும். குதிரை மாதிரி ஓடியது. ஆனால் அமைப்பு முறை எனக்குப் பிடிபடவில்லை. சேமித்த கோப்பு எங்கே போனது என்று இரண்டு முறை தேடினேன். எனக்கே குழப்பம் என்றால் அந்தப் பிள்ளைக்கு எப்படிக் கொடுப்பது?

நாலாவது ஆன்டிஎக்ஸ். டெபியன் 12-ஐ அடிப்படையாகக் கொண்ட 23-ம் பதிப்பு, 32 பிட்டுக்கும் உண்டு. அலங்காரம் எதுவும் இல்லை. கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி இல்லாமல், ஷெட்டுக்கு வேலைக்குப் போகிறவர் மாதிரி இருக்கும். எழுந்து நின்றதும் எவ்வளவு ரேம் எடுக்கிறது என்று பார்த்தேன். இருநூறு எம்பியைச் சுற்றித்தான் இருந்தது. தமிழ் எழுத்துரு வந்தது. 1999-ல் சென்னை மாநாட்டில் முடிவான தமிழ்99 விசைப்பலகையும் வந்தது. லிப்ரேஆஃபீஸில் இரண்டு பக்கம் தட்டிப் பார்த்தேன். எழுத்து விரலோடு கூடவே வந்தது. அன்றே அதை நிறுவிவிட்டேன்.

எதிர் வீட்டுப் பெண் மூன்று வாரம் அதில் வேலை செய்தாள். புராஜெக்டை டைப் செய்து முடித்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் காட்டினேன். "இனிமே உனக்கு எல்லாத்துக்கும் இது போதும்மா" என்று அவளிடமும் சொல்லிவிட்டேன். அங்கேதான் தவறு செய்தேன்.

அவள் ஒரு பயிற்சி நிலையத்தில் சேர விண்ணப்பித்திருந்தாள். பேங்க் தேர்வுக்கான பயிற்சி. ஆன்லைனில் ஒரு மணி நேரத் தேர்வு வைத்து, நல்ல மதிப்பெண் எடுப்பவர்களுக்குக் கட்டணத்தில் சலுகை. பிரவுசிங் சென்டருக்குப் போகலாமா என்று அவள் அம்மா கேட்டதற்கு, "எதுக்கும்மா? அதான் நம்ம லேப்டாப் இருக்கே" என்றவன் நான்தான்.

தேர்வுப் பக்கம் திறக்கவே நாலு நிமிஷம் ஆனது. கேமராவை இயக்கச் சொன்னது. ஒவ்வொரு கேள்விக்கும் திரை உறைந்து உறைந்து வந்தது. பதினோராவது கேள்வியில் நின்றேவிட்டது. நேரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நான் பின்னால் நின்றபடி ரேம் எவ்வளவு என்று பார்த்தேன். இரண்டு ஜிபியும் நிரம்பி வழிந்திருந்தது. அத்தனையும் பிரவுசர் ஒன்றுதான்.

"பரவால்ல தாத்தா" என்றாள். அழவில்லை. மூடி வைத்துவிட்டு எழுந்து போனாள். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்பா சொன்ன இன்னொன்று அப்போது நினைவுக்கு வந்தது. லோடு அதிகமான வண்டி ஏற்றத்தில் நின்றால் சக்கரம் வழுக்கும். எத்தனை கரி போட்டாலும் நகராது. தண்டவாளத்தில் மணலைத் தூவிப் பார்ப்பார்கள். அதற்கும் நகராவிட்டால் இன்னொரு இன்ஜினைக் கேட்டு வாங்குவார்கள். அதில் வெட்கம் ஒன்றும் கிடையாது. கேட்காமல் வீம்பு பிடித்து நிற்கிற டிரைவரைத்தான் ஷெட்டில் சிரிப்பார்கள். நான் அந்த டிரைவர் ஆகிவிட்டேன்.

மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போய், தவறு பிள்ளையுடையது இல்லை, என்னுடையது என்று அவள் அப்பா அம்மாவிடம் சொன்னேன். அவர்கள் பெரிய மனதோடு எடுத்துக்கொண்டார்கள். பயிற்சி நிலையத்தில் விசாரித்தால், அடுத்த மாதமும் ஒரு தேர்வு உண்டு என்றார்கள். அந்த முறை பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து எழுதினாள். பாதிக் கட்டணம் குறைந்தது. முழுச் சலுகை கிடைக்கவில்லை. முதல் தேர்வை ஒழுங்காக எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி எனக்குள் இன்னும் இருக்கிறது.

இப்போது எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம். எழுதுவது, படிப்பது, பிடிஎஃப் பார்ப்பது, கணக்கு அட்டவணை போடுவது, இதெல்லாம் நெட்புக்கில். வீடியோ வகுப்பு, ஆன்லைன் தேர்வு, டாலி பழகுவது, இவை மூன்றும் வெளியில். டாலி விண்டோஸுக்கான மென்பொருள், அதை இதில் நிறுவ நான் முயலவே இல்லை. ஒப்பந்தத்தை ஒரு சீட்டில் எழுதி நெட்புக்கின் மூடியில் ஒட்டிவிட்டேன். சரக்கு வண்டியில் எத்தனை டன் ஏற்றலாம் என்று எழுதியிருப்பார்களே, அந்த மாதிரி.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கும் வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. உங்களில் பலர் வீட்டில் பிள்ளைகள் விட்டுப்போன லேப்டாப் ஒன்று இருக்கும். அது 64 பிட்டாக, நாலு ஜிபி ரேமோடு இருந்தால் என் நெட்புக்கைவிடப் பல மடங்கு பலசாலி. லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பையோ லுபுன்டுவையோ பென் டிரைவில் போட்டுப் பாருங்கள். எடைக்குப் போடும் முன் ஒரு வாய்ப்புக் கொடுங்கள்.

ஆனால் யாருக்காவது கொடுப்பதென்றால், அது எதை இழுக்கும், எதை இழுக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள். நான் சொல்லாமல் விட்டதற்கு ஒரு பிள்ளை விலை கொடுத்தாள்.

இந்தப் பதிவை அந்த நெட்புக்கில்தான் தட்டினேன். அவளுக்கு இன்று கல்லூரி. சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்வாள்.